காத்து இந்தப் பக்கம்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றரை ஆகப்போகிறது. நீ இருந்தபோதும் இந்த நேரத்துக்குத்தான் உனக்கு மெசேஜ் போடுவேன். காலையில் பார்த்துவிட்டு, "பேய்க்குக்கூட லீவு உண்டுடி, உனக்கு இல்ல" என்று பதில் போடுவாய். இன்றைக்குத் திட்ட ஆளில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுவேன். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு உன்மேலும் இருக்கிறது. அதையும் சேர்த்து மன்னித்துக்கொள்.

சாயங்காலம் பீரோவுக்கு மேலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினேன். போன மாதம் கம்ப்யூட்டருக்கு வாங்கிய புது ஃபேனின் பெட்டி. ஃபேனை அதிலேயே போட்டுக் கடைக்காரர் முகத்துக்கு நேராக நீட்டவேண்டும் என்று நினைத்திருந்தேன். பெட்டி காலியாக இல்லை. உள்ளே பழைய ஃபேன் கிடந்தது. நீ போட்டுக்கொடுத்த ஃபேன். கடையில் மாற்றியபோது கழற்றியதை இதற்குள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், நானும் பார்க்காமலேயே மேலே தூக்கி வைத்திருக்கிறேன். எண்ணெயும் பட்டுப் பிசிறும் சேர்ந்து கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பழைய துணியால் துடைத்தேன். சட்டத்தின் விளிம்பில், அழுக்குக்கு அடியில், மார்க்கரால் போட்ட ஒரு அம்புக்குறி தெரிந்தது. பக்கத்தில் உன் கையெழுத்து: "காத்து இந்தப் பக்கம்". புள்ளி வைக்கச் சொன்னால் எப்போதும் குட்டி வட்டம் போடுவாயே, அந்த வட்டங்கள்கூட அழியவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ முதல் தடவை இந்த வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். கூடத்தில் இரண்டு தறி, ஒன்றில் மாமா, ஒன்றில் அவர். உள்ளே இருந்த ஒரே அறையில் கட்டில், பீரோ, அதற்கு நடுவே என் கம்ப்யூட்டருக்கு ஒரு மேசை. புடவைக் கரைக்கும் முந்திக்கும் டிசைன் போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்து, தறியில் அந்த டிசைன் விழுவதற்கு அட்டையில் ஓட்டை அடிப்பவர்களுக்கு அனுப்புகிற வேலை. ஏனாத்தூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்த படிப்பு வீணாகக்கூடாது என்று நீதான் பிடிவாதமாக, பாகம் பாகமாகப் பொறுக்கி வாங்கி, ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிக் கொடுத்தாய். எல்லாம் பூட்டி முடித்தபின் ஃபேன் மட்டும் பாக்கி. பையிலிருந்து மூன்று ஃபேனை எடுத்து மேசையில் வைத்தாய். ஒவ்வொன்றாக ஓட விட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாய். பிறகு மூன்றையும் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டாய்.

"என்னாடி, மூணும் நல்லாத்தானே ஓடுது? சத்தமே இல்ல" என்றேன்.

"தறி ஓடும்போது எல்லா ஃபேனும் சத்தம் இல்லாத ஃபேன்தான்டி. பகல்ல உங்க வீட்டுக்கு அமாவாசை அன்னிக்கு மட்டும்தான் காது கேக்கும். அன்னிக்கு வரேன்."

அமாவாசை அன்று வந்தாய். தறி நெய்யாத நாள். தெரு முழுக்கவே சத்தம் அடங்கி, பக்கத்து வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம்கூடக் கேட்கிற நாள். வந்ததும் வராததுமாக மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினாய். கூடத்தில் டிவியை நிறுத்தினாய். அடுப்படியில் அத்தை படையலுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, அஞ்சு நிமிஷம் வடை போடாதீங்க. எண்ணெய் சத்தம் கேக்குது."

"அமாவாசை அன்னிக்கு வடைய நிறுத்தச் சொன்ன மொத ஆளு நீதான்மா" என்று அத்தை கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றுகொண்டார்கள். மாமாவும் வந்தார். அவரும் வந்தார். மூன்று ஃபேனுக்கு ஐந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அன்றைக்குத்தான் வித்தியாசம் கேட்டது. சின்ன ஃபேன் கொசு மாதிரி கத்தியது. பெரியது இரண்டில் ஒன்று, உள்ளே யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல லேசாக உரசியது. மூன்றாவது ஓடுகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

"பெருசா இருந்தா மெதுவா சுத்தினாலே போதும். சின்னதுதான் வேகமா சுத்திக் கத்தும்" என்றாய். அச்சில் வெறும் குழாய் மாதிரி இருப்பது முதலில் அமைதியாக இருந்து ஒரு வருஷத்தில் தேய்ந்து இரையும், குண்டு வைத்தது நாள்பட உழைக்கும் ஆனால் கொஞ்சம் முனகும், எண்ணெய் உள்ளேயே அடைபட்டுச் சுழல்வதுதான் இந்த அறைக்குச் சரி என்றாய். நாலு ஒயர் இருக்கிறதா பார், இருந்தால்தான் சூட்டுக்குத் தகுந்தாற்போலத் தானாக வேகம் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் என்றாய். நான் தலையாட்டினேன். பாதி புரிந்தது. மீதியை நீ இருக்கிறாயே என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் அத்தையிடம் ஒரு பட்டு இழை கேட்டு வாங்கினாய். கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் அதைப் பிடித்தாய். இழை வெளிப்பக்கமாகப் பறந்தது. "முன்னாடி குளிர்ந்த காத்து உள்ள போவணும், பின்னாடி சூடு வெளிய வரணும். அவ்ளோதான் சமாச்சாரம்" என்றாய். மாமா கேட்டார்: "ஏம்மா, தறிக்குப் போடற எண்ணெய் ரெண்டு சொட்டு இதுக்கும் போடலாமா?" நீ கையெடுத்துக் கும்பிட்டாய். "போடாதீங்க மாமா. போட்டீங்கன்னா, நான் வந்து உங்க தறில கிரீஸைத் தடவிட்டுப் போயிடுவேன்." மாமா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

போட்டார்கள். மாமா இல்லை, அவர். நீ போய் ஒரு வருஷம் கழித்து ஃபேன் கொஞ்சம் இரைந்தது, தறிக்குச் செய்கிற வைத்தியத்தை இதற்கும் செய்தார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. பிறகு கூடத்தில் பறக்கிற பட்டுப் பிசிறு மொத்தமும் அந்த எண்ணெயில் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அது ஃபேன் இல்லை, மாவு மில்.

நீ போன விஷயத்தைப் பற்றி நான் எழுதமாட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் எழுதாமல் எப்படி? தென்னேரியில் யாரோ ஒருவருக்குக் கம்ப்யூட்டர் சரி செய்து கொடுத்துவிட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தாய். பின்விளக்கு இல்லாமல் ரோட்டோரம் ஒரு லாரியை நிறுத்தி வைத்திருந்தார்கள். பின்விளக்கு இல்லாத லாரியைப் பற்றி உன் சாவு வீட்டில் யாரும் பேசவில்லை. "பொம்பளப் புள்ள, இருட்டுல, தனியா வண்டில எதுக்குப் போவணும்" என்று பேசினார்கள். ஒருவர் இல்லை, நாலைந்து பேர். ஆறு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அங்கே நின்றேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலைக்குப் போனாள், வேலை முடிந்து வந்தாள், வேறு எதற்குப் போவாள் என்று கேட்டிருக்கவேண்டும். இந்த இரண்டு வருஷமாக அந்தப் பதிலை மனதுக்குள் சொல்லிக்கொண்டேயிருக்கிறேன், கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை.

உன் கடைசி மெசேஜ் என் போனில் இன்னும் இருக்கிறது. நீ போன அன்று மத்தியானம் நான்தான் கேட்டிருந்தேன், ஃபேன் டிக் டிக் என்கிறது, என்ன செய்வது என்று. "கைய வெக்காத. அமாவாசைக்கு வரேன். நானே கேக்கறேன்" என்று போட்டிருந்தாய்.

சரி, இப்போது நடந்ததற்கு வருகிறேன். பாப்பாவுக்கு இரண்டரை வயது. அவளுக்கு இழுப்பு வருகிறது. பனிக்காலத்தில் ஆரம்பித்தது, இப்போது காலம் பார்ப்பதில்லை. டாக்டர் ஒன்றே ஒன்றுதான் அழுத்திச் சொன்னார்: "தூங்கும்போது மூச்சு சத்தத்தைக் கவனிங்க. விசில் மாதிரி வந்துச்சுன்னா, விடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க." அன்றிலிருந்து என் காது அவள் மூக்கிலேயே கட்டிப்போட்டது மாதிரி இருக்கிறது. பகலில் அவளோடு சரியாகப்போகிறது. அவள் தூங்கும்போதுதான் எனக்கு டிசைன் வேலை. கட்டில் என் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரம்.

போன அமாவாசை. மத்தியானம். தறி ஓடவில்லை. சாப்பிட்டு எல்லோரும் படுத்திருந்தார்கள். பாப்பா தூங்கினாள், நான் ஒரு முந்தியை முடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எடுத்து வைத்த வடையோடு அத்தை உள்ளே வந்தவர்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"என்னாமா, புள்ள இப்படி இழுத்துக்கினு இருக்குது, நீ பொட்டியப் பாத்துக்கினு இருக்கிற?"

திரும்பினேன். விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு வெளுத்திருந்தது. எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியவில்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தேன். எனக்குக் கேட்கவில்லை. என் காதில் அந்த மாவு மில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை வைத்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அன்று ஆட்டோவில் அவளை மடியில் வைத்துக்கொண்டு போனபோது நான் என்ன நினைத்தேன் என்பதை உன்னிடம்கூடச் சொல்லமாட்டேன்.

மறுநாளே ஃபேன் மாற்றவேண்டும் என்றேன். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. என்ன சொன்னார்கள் தெரியுமா? அத்தை: "தறி சத்தத்துலயே பொறந்த புள்ளமா அது. இந்த ஃபேன் சத்தத்துக்கா முழிச்சிக்கப் போவுது?" மாமா: "இடி இடிச்சாலே எழுந்துக்காது." அவர்: "சத்தமா இருந்தா நிறுத்திட்டுப் படேன்."

நான் கேட்டது அவள் தூங்குவதற்கு இல்லை. நான் கேட்பதற்கு. இந்த ஒரு வரியை எத்தனை தடவை, எத்தனை விதமாகச் சொன்னேன்! சத்தம் என்றாலே தூக்கம் கெடுவது என்றுதான் இவர்களுக்குப் புரிகிறது. கூடவே இன்னொன்று. "நிறுத்திட்டுப் படு." இந்த வீட்டில் தறியை நிறுத்து என்று யாரும் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. அமாவாசை சொன்னால்தான் தறி நிற்கும். என் வேலைக்கு மட்டும் யார் சொன்னாலும் அமாவாசை.

கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம். ஊர் பேர் தெரியாத கம்பெனி ஃபேன்கள், எல்லாவற்றிலும் பச்சை சிவப்பு நீலம் என்று லைட். சத்தம் இல்லாததாக வேண்டும் என்றேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து ஓட விட்டார். "காதுகிட்ட வெச்சிப் பாருங்க மேடம், சவுண்டே இல்ல." வெளியே இரண்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே ஹாரனில் அமுங்கிப்போகிற இடத்தில் நின்று கேட்கச் சொல்கிறார்! லைட் இல்லாதது கிடையாதா என்றேன். "குழந்தை இருக்குதுன்னீங்களே மேடம், வெளிச்சம் வந்தா அதுக்கு ஜாலியா இருக்கும்" என்றார்.

வாங்கினேன். கடைக்காரரே மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து காலை பதினோரு மணிக்கு ஓட விட்டேன். ஆகா, சத்தமே இல்லை! அவரிடம் காட்டினேன், அத்தையிடம் காட்டினேன். கூடத்தில் இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. நீ சொன்னது அந்த நிமிஷம் எனக்கு நினைவுக்கு வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வெட்கம். சாயங்காலம் ஏழு மணிக்குத் தறி நின்றது. அப்புறம்தான் கேட்டது. பழையது மாவு மில் என்றால் இது மிக்ஸி. போதாததற்குப் பாப்பா முகத்தில் பச்சை வெளிச்சம், பச்சை போய் நீலம். உதடு என்ன நிறம் என்று பார்க்கிற அம்மாவுக்கு நீல வெளிச்சத்தை விற்றிருக்கிறான் மனிதன்.

மறுநாள் போய்க் கேட்டேன். "லைட் எரியுதா? எரியுது. ஃபேன் சுத்துதா? சுத்துது. அப்புறம் என்னா கம்ப்ளைண்ட்?" என்றார். பக்கத்தில் நின்ற ஒருவரிடம் திரும்பி, "லேடீஸுக்கு எல்லாமே சவுண்டா கேக்கும்பா" என்று சிரித்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். உன் சாவு வீட்டில் நின்ற மாதிரியே நின்றுவிட்டு, திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரு மாதமாக, வேலை செய்கிற நேரமெல்லாம் நாலு வரி போடுவதும் திரும்பிப் பாப்பா நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பதுமாக இருந்தேன். இந்த வாரம்தான் மறுபடி போய் ஒரு சண்டை போட்டே தீருவது என்று முடிவு செய்தேன். பெட்டியை இறக்கினேன். நீ இருந்தாய்.

உன் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அம்புக்குறிப்படி உன் ஃபேனில் காற்று வெளியேறுவது ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம். கம்ப்யூட்டரைத் திருப்பிப் பார்த்தேன். புது ஃபேனில் ஸ்டிக்கர் பக்கம் உள்ளே இருந்தது. அத்தையின் நூல் கூடையிலிருந்து ஒரு பட்டு இழையை எடுத்து, நீ பிடித்த அதே இடத்தில் பிடித்தேன். இழை வெளியே பறக்கவில்லை. உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கம்பியில் ஒட்டிக்கொண்டது.

கடைக்காரர் தலைகீழாக மாட்டியிருக்கிறார்! லைட் எரிகிற முகம் வெளியே தெரியவேண்டும் என்பதற்காக ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறார். முன்னாலிருந்தும் காற்று உள்ளே, பின்னாலிருந்தும் காற்று உள்ளே. சூடு எங்கே போகும்? வழி தெரியாமல் உள்ளேயே சுற்ற, பாவம், உள்ளிருக்கிற மற்ற ஃபேன் எல்லாம் உயிரைக் கொடுத்து ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக!

திருப்புளியை எடுத்து நானே கழற்றினேன். வீட்டுக்காரர் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். திருப்பி மாட்டி, லைட்டுக்குப் போகிற ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஓட விட்டேன். சூடு இறங்க இறங்க, சத்தமும் ஒவ்வொரு படியாக இறங்கியது. அவர் அப்படியே நின்று கேட்டார். பாப்பா மூச்சு விடுவது கேட்டது.

"ஓ. இது கேக்கணும்னுதான் சொன்னியா?" என்றார். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

டார்ச் மட்டும் அவர் கையில் இல்லாமல் இருந்திருந்தால்!

முழுதாகச் சரியாகிவிடவில்லை. இந்த ஃபேனின் மோட்டாரில் ஒரு மெல்லிய கீச்சு இருக்கிறது, அது திருப்பினாலும் போகாது. பாப்பாவின் மூச்சுக்கும் அந்தக் கீச்சுக்கும் இடையில் சில நேரம் எனக்குச் சந்தேகம் வருகிறது. விசிலும் இப்படித்தானே இருக்கும் என்று இதற்குள் இரண்டு தடவை எழுந்து பார்த்துவிட்டேன். அதனால் ராத்திரியே உட்கார்ந்து, ஆன்லைனில் ஃபேன் வாங்கியவர்கள் எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். சத்தமே இல்லை என்கிறார் ஒருவர், ஜெட் விமானம் என்கிறார் இன்னொருவர், இரண்டும் ஒரே ஃபேன். யார் எந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டார்கள் என்று ஒருவரும் எழுதமாட்டார்களா? கடைசியில் நீ சொன்னதை வைத்தே ஒன்று ஆர்டர் போட்டேன். பெரியது. மெதுவாகச் சுற்றுவது. எண்ணெய் உள்ளே அடைபட்டது. நாலு ஒயர். திருகுக்குப் பதில் ரப்பரில் நிற்பது, அதிர்வு தகரத்துக்கு ஏறக்கூடாது என்று. சாணி நிறம், பார்க்கவே சகிக்கவில்லை. ஒரு லைட் கிடையாது. நாளைக்கு வந்துவிடும் என்று காட்டுகிறது.

கடைக்காரரிடமும் போகத்தான் போகிறேன். பட்டு இழையைக் கையில் எடுத்துக்கொண்டு போவேன். அவர் கடையில் தலைகீழாக மாட்டி அனுப்பிய இன்னும் எத்தனை கம்ப்யூட்டர் இந்த ஊரில் இரைந்துகொண்டிருக்கிறதோ. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு திரும்பமாட்டேன்.

உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம்தான். படுப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரை நிறுத்துவேன், மேலே ஓடும் ஃபேனையும் நிறுத்துவேன். அன்று வடையை நிறுத்தச் சொன்ன மாதிரி, கேட்கிற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இருட்டில் பாப்பா பக்கத்தில் ஒரு நிமிஷம் நிற்பேன். வேர்த்துக் கொட்டும். நிற்பேன். அவள் மூச்சு மட்டும் தனியாக, சீராக வந்து போகும். அப்புறம்தான் படுப்பேன்.

உன் பழைய ஃபேனைத் தூக்கிப் போடச் சொல்கிறார் அவர். போடவில்லை. துடைத்து மேசையில் வைத்திருக்கிறேன், அம்புக்குறி ஜன்னலைப் பார்க்கிற மாதிரி.

நாளை மறுநாள் அமாவாசை. தறி நிற்கும். புது ஃபேனை மாட்டி வைத்திருப்பேன். அத்தையிடம் ஐந்து நிமிஷம் வடை போடவேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டேன். வருகிறேன், நானே கேட்கிறேன் என்று எழுதியது நீ. அதற்கு நான் "சரி" என்று போட்டது நீ பார்க்காமல் அப்படியே கிடக்கிறது.

சீக்கிரம் பதில் போடு.